நாற்பத்து மூன்றரை

ஆறு மாதம் ஓடியது திட்டம்.
கடைசி நாளில் கேக் வெட்டினார்கள்.
சுவரில் ஒட்டிய தாளில்
இடமிருந்து வலமாக ஏறும் ஒரு கோடு.
அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டோம்.
சென்னைப் பெண்களை
மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பிறகு ஏழாம் மாதம்.
ஏழாம் மாதத்துக்கு
யாரும் கேக் வெட்டுவதில்லை.

எடைமெஷினில் பேட்டரி தீர்ந்தது.
இண்டென்ட் போட்டேன்.
"மார்ச்சுக்கப்புறம் பாக்கலாம் சிஸ்டர்."
ஊட்டிவிட ஆள் தேவைப்படுவோருக்கென்று
சிவப்புத் தட்டுகள் பன்னிரண்டு வாங்கியிருந்தார்கள்.
நாலு வேறு வார்டுக்குப் போயின.
ஒன்றில் பஞ்சு வைத்திருந்தோம்.
ஒன்றில், சொல்லக் கூச்சம்,
என் மதியச் சாப்பாடு.

கட்டில் பதினேழு. ஒச்சப்பன்.
கருமாத்தூர்ப் பக்கம் கல்லுடைக்கிறவர்.
குடலில் ஆபரேஷன்.
வந்த அன்று நாற்பத்து மூன்றரை கிலோ.
மறுவாரம் நாற்பத்து மூன்றரை.
அதற்கடுத்த வாரமும்.
என் கையெழுத்துதான், நீல மை,
சுழியெல்லாம் அழகாக வந்திருக்கிறது.
மெஷினில் ஏறாத மனுஷனை
இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன்.
பக்கத்தில் 'சாப்பிட்ட அளவு' கட்டத்தில்
முழுது, முழுது, முழுது.

பிடித்தது ஆடிட் அல்ல,
சாப்பாட்டு வண்டி தள்ளும் காஜா.
ஒன்றேகாலுக்குத் தட்டெடுக்க வந்தவர்
என் மேஜையில் ஒன்றை வைத்தார்.
ரசச்சோறு ஆடை கட்டியிருந்தது.
முட்டை உரிக்காமல் அப்படியே.
"பதினேழு. மூணு நாளா இப்பிடியேதான் திரும்பி வருது.
இது முழுசுன்னா
அரை எது சிஸ்டர்?"

போய்ப் பார்த்தேன்.
வலது கையில் ஊசி, பிளாஸ்திரி.
முட்டை உரிக்க
இரண்டு கை வேண்டும்.

அன்று மாலை
பனகல் ரோட்டில் பேட்டரி வாங்கினேன்.
ஏறி நின்றார், என் தோளைப் பிடித்தபடி.
பிடியை விடச் சொன்னேன்.
முப்பத்தொன்பது எண்ணூறு.

மூணே முக்கால் கிலோ.
என் பேனாதான் தின்றிருக்கிறது.

பேட்டரிக் காசைப் பெருமைக்குச் சொல்லவில்லை.
என் காசில் ஓடுவது
எனக்கு மாற்றல் வரும் நாளில் நின்றுபோகும்.
டூட்டி மாற்றும் நோட்டில்,
ஆக்சிஜன் சிலிண்டர் கணக்குக்குக் கீழே
ஒரு வரி சேர்த்தேன்:
எடைமெஷின் எரிகிறதா?
அதற்குப் பதில் எழுதாமல்
யாரும் கையெழுத்துப் போட முடியாது.
முதல் வாரம் திட்டினார்கள்.
இரண்டாம் வாரம்
திட்டிக்கொண்டே எழுதினார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
பாதிப் பேர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.
நாற்பது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர்.
அன்று ஒன்பது கட்டம் காலி.
காலியாகவே விட்டேன்.
பொய்யாக நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.
கோடு முடிகிற இடத்திலிருந்து
பென்சிலால் சுவரிலேயே இழுத்துவிட்டேன்,
இறங்கும் பக்கமாக, ஒரு ஜாண்.
அப்புறம் சற்றே மேலே.

காஜா இப்போதெல்லாம்
தட்டை வண்டியில் போடுவதற்கு முன்
கையில் ஏந்தி நிற்கிறார்.
"எழுதியாச்சா?"
ஒவ்வொரு கட்டிலுக்கும். ஒவ்வொரு மதியமும்.
இன்று எரிச்சலாகத்தான் இருந்தது,
போய்யா என்றேன்.
போகவில்லை.

நிமிர்ந்து தட்டைப் பார்த்தேன்.
கால், என்று எழுதினேன்.
கால்தான் இருந்தது.