அரை மணி நேரம்

பள்ளி விடுமுறை ஒன்பது நாள்.
அதில் ஏழு நாள் அண்ணன் வீட்டில்,
சுபாங்கில், பதினேழாவது மாடியில்.

போய் இறங்கிய அன்றே அண்ணி
எங்கள் பையைத் திறந்து
உடுத்தாத துணிகளையும் அள்ளி
மெஷினில் போட்டார்.
"துவைச்சதுதான் அண்ணி."
"பரவால்ல, ரயில் தூசி."
மடிப்புக் கலையாத ஹேமாவின் மஞ்சள் கவுன்
வட்டக் கண்ணாடிக்குள்
சுற்றிச் சுற்றி வந்து எங்களைப் பார்த்தது.
என் துண்டு மட்டும் அண்ணன் கையில் இருந்தது.
அண்ணி இரண்டாம் முறை கேட்ட பிறகு
கொடுத்தான்.

ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது.
பால்கனிக் கதவும் திறந்திருந்தது.
காசு வீணாகுதே என்று
ஒருமுறை எழுந்து போய்ச் சாத்தினேன்.
கொஞ்ச நேரத்தில் திறந்திருந்தது.

குறை சொல்ல ஒன்றுமில்லை.
அண்ணன் மூன்று நாள் லீவு போட்டான்.
மீன் காட்சிக்குப் போனோம்.
சுறா தலைக்கு மேல் நீந்த,
ஹேமா குனிந்து குனிந்து நடந்தாள்.
அண்ணன் மகன் லித்தீஷ் கேட்டான்,
லாபிஸில் என்ன இருக்கிறது என்று.
அவள் ரொம்ப நேரம் யோசித்து
"புதுசா ஒரு சிக்னல் லைட்டு" என்றாள்.

இரவில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
அந்த வீட்டில் எதற்கும் வாசனை கிடையாது.
கெம்போங் மீன் பொரித்தாலும்
அடுப்புக்கு மேலே ஒரு குழாய்
எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டது.

ஏழாம் நாள்
கிம்மாஸில் ரயில் மாறி
ஐந்து மணிக்கு லாபிஸில் இறங்கினோம்.
மழை விட்டிருந்தது.
பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் ஹேமா
மூக்கைப் பொத்தினாள்.
"மா, என்னமோ நாறுது."

எனக்கும் நாறியது.
சாக்கடையைப் பார்த்தேன்.
செத்த நாய் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன்.
வெந்த செம்பனைக் குலை,
கருகிய எண்ணெய்,
கழிவுக் குட்டையின் புளிப்பு.
ஆலை.
பதினோரு வருஷமாக
நான் லாரிகளுக்கு எடை போடும் ஆலை.

இது எங்கே இருந்தது இத்தனை நாள்?
என் முடியில் இருந்திருக்கும்.
பையின் ஜிப்பில்,
மஞ்சள் கவுனின் மடிப்பில்,
ஐந்தாயிரம் முறை நான் கசக்கிப் பிழிந்து
வெயிலில் காய வைத்த அத்தனையிலும்.
ரயில் தூசி என்றார் அண்ணி.
வேறு எதுவும் சொல்லவில்லை.
ஏழு நாளும் சொல்லவில்லை.
அந்தக் கதவைப் போய்ச் சாத்தினேனே
என்று இப்போது காது சுட்டது.
அந்தத் துண்டு.
பதினாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவன்
அதை ஏன் கொடுக்காமல் நின்றான்?

சாவியை வாங்கப் போனேன்.
கக் ஜமீலா சாவியோடு
ஆறு கறிபாப்பும் கொடுத்தார்.
பூனை ஒரு நாள் சாப்பிடவில்லையாம்.
அரிசி டின்னில் எறும்பு.
கதவிடுக்கில் மின்சார பில்.
ஜன்னல்களைத் திறந்துவிட்டு
பள்ளிச் சீருடையை ஊற வைத்து
முட்டை பொரிக்கும்போது
ஹேமா சமையலறைக்குள் வந்து
மூச்சை இழுத்துப் பார்த்தாள்.
"நாத்தம் போயிருச்சும்மா."
நானும் இழுத்துப் பார்த்தேன்.
முட்டை வாசம் மட்டும்தான் வந்தது.
ஆலைப் புகை ஜன்னலுக்கு நேரே
நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதல் லாரி,
பதினொன்றரை டன்.
"லீவு எப்படிம்மா?" என்றார் டிரைவர் வீராசாமி.
"வாசனையா இருந்துச்சு" என்றேன்.
அவர் சிரித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் கவுனை மட்டும்
பிளாஸ்டிக் பையில் போட்டு
முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள் ஹேமா.
உள்ளே அண்ணி வீட்டு சோப்பு,
ஏதோ ஊதாப்பூ வாசம்.
தினமும் கொஞ்சமாக அவிழ்த்து
மூக்கை விட்டுவிட்டு
அவசரமாகக் கட்டிவைப்பாள்.

வியாழன் மாலை
முகத்தையே உள்ளே விட்டாள்.
வெளியே எடுத்தாள்.
திரும்ப விட்டாள்.
பிறகு
அதைப் போட்டுக்கொண்டு
விளையாடப் போய்விட்டாள்.