நான்தான்

டீன் காட்டு ஓரம், பார்க்கெண்ட் தாண்டி
இருபத்தாறு மரக்குடில்கள்.
வரவேற்பு மேசையில் மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை நான்.
சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை 'டில்லி' என்கிறது.
தில்லைநாயகிக்கு அதில் இடம் போதவில்லை.

சாவியோடு ஒரு டார்ச்சும் ஒரு தாளும் தருவேன்.
தாளில் இருப்பதை வாயாலும் சொல்ல வேண்டும்:
இருட்டிய பின் பாதையை விட்டு இறங்காதீர்கள்.
நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.
தாய்ப்பன்றிக்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள்.
ஓடாதீர்கள்.
பேசிக்கொண்டே நடங்கள்.
திடுக்கிட்ட பன்றிதான் பொல்லாதது.

பழைய பாட்டுகளில் தோழி இதைத்தான் சொல்வாள்
மலை இறங்கி வருகிறவனிடம்:
கரடி புற்றைக் கிண்டும் வழி, இரவில் வராதே.
அவளுக்கு அதற்குள் ஒரு கல்யாணக் கணக்கு இருந்தது.
எனக்கு மணிக்குப் பன்னிரண்டு பவுண்டு சொச்சம்.

இரண்டு மணிக்கு நான் விடுதிக்கு நடக்க வேண்டும்,
குளத்தின் மறுகரைக்கு.
எண்ணூற்று நாற்பது தப்படி, எண்ணியிருக்கிறேன்.
விளக்குக் கம்பங்களைப் பத்தரைக்கே அணைத்துவிடுவார்கள்,
வௌவால்களுக்காக.

பேசிக்கொண்டே நட. சரி, யாரிடம்?
முதல் வாரம் ஏழாம் வாய்ப்பாடு.
பிறகு வீட்டு வாடகை, பல்வலி,
தம்பி மணிமாறன் திருப்பித் தராத எழுபதாயிரம்,
மேலாளர் கரெத்திடம் சொல்லாமல் விழுங்கிய பதில்கள்,
பாதிக்கு மேல் அச்சில் ஏறாதவை.
நாளெல்லாம் சாரி, ஷ்யூர், லவ்லி என்று மென்ற நாக்கு
அங்கேதான் கைகால் நீட்டிக்கொள்ளும்.
புதருக்குள் மண் கிளறும் சத்தம் நிற்கும்.
ஒரு மூச்சு.
மறுபடி கிளறும்,
ஓ, இவளா, என்பதுபோல.

ஆகஸ்டில் ஒன்பதாம் குடிலிலிருந்து புகார்.
நடுராத்திரியில் காட்டுக்குள் யாரோ பெண் திட்டுகிறாள்,
என்ன பாஷையோ, பிள்ளைகள் பயந்துவிட்டன.
பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கரெத் நல்லவன்தான்.
என்னைப் பார்க்காமல் காபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னான்:
பத்துக்கு மேல் பணியாளர்கள் பாதையில் பேசக்கூடாது.
நான் தாளில் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.
"அது விருந்தாளிகளுக்கு, டில்லி."

அன்றிரவு வாயை மூடி நடந்தேன்.
முந்நூறாவது தப்படி, மதகு திரும்பும் இடம்.
டார்ச் வட்டத்துக்குள் ஐந்து குட்டிகள்,
அணில் முதுகில் மூன்றோடு நிறுத்திய கோட்டை
இங்கே யாரோ நிறுத்தாமல் இழுத்திருந்தார்கள்.
அப்புறம் என் இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில்,
இருட்டில் ஒரு துண்டு எழுந்து நின்றது.

நடுவில் போகாதே என்றது தாள்.
நடுவில்தான் நின்றேன்.
ஈர மண் வாடை, புளித்த ஓக் கொட்டை வாடை.
அவளும் சத்தம் காட்டவில்லை,
எங்கள் இரண்டு பேரையும் யாரோ அதட்டி வைத்ததுபோல.
ஓடு என்றது கால்.

வாயில் வந்தது என்னவோ
பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கையில்
உள்ளிருந்து "யாரது?" என்றால்
நம் ஆட்கள் பெயரை விட்டுவிட்டுச் சொல்வார்களே, அது.

நான்தான்.

கொஞ்சம் சத்தமாகவே.
நான்தான், நான்தான், வேலை முடிஞ்சு போறேன்,
என்றபடி பின்னால் இரண்டு தப்படி.

ஒரு காது திரும்பியது. பிறகு தலை.
பிறகு மொத்த உடம்பும், பாரம் ஏற்றிய வண்டிபோல்,
எனக்கு முன்னால் பாதையைக் கடந்தது.
குட்டிகள் அவள் பின்னால்.
கடைசி ஒன்று மட்டும் நின்று
நான் நின்றிருந்த இடத்தை மோந்துவிட்டு ஓடியது.

மிச்சத் தூரமெல்லாம் பேசிக்கொண்டுதான் போனேன்,
மணிமாறனின் எழுபதாயிரத்தை, இந்த முறை வட்டியோடு.
ஒன்பதாம் குடிலில் விளக்கு எரிந்தது.

எரியட்டும்.