பின்வாசல் சலூன்

கோயிலில் குளிர்த்தி முடிந்து பதினொரு நாள்.
அம்மன் குளிர்ந்திருப்பாள்.
எங்கள் கூரைத்தகடு குளிரவில்லை.

கச்சான் காலை ஒன்பதுக்கே வந்துவிடுகிறது
அறுத்த வயல்களைத் தாண்டி, மேற்கிலிருந்து,
படலையில் நின்று கூப்பிடாமல்
நேரே குசினிக்குள்.
விடியப் பிடித்துவைத்த வாளித்தண்ணீர்
பன்னிரண்டுக்கெல்லாம் தேயிலை போடலாம் என்கிற சூட்டில்.
கரண்ட் போனால் என்று வாங்கிய மெழுகுதிரி
அலுமாரிமேல் தானாக வளைந்து
யாரையோ கும்பிடுகிறது.

பஞ்சு நுவரெலியாவில் பிறந்த நாய்.
தம்பிலுவிலுக்கு மாற்றலாகி வந்த என் கொழுந்தன்
கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்,
மறுகா வேறு ஊருக்கு மாறினபோது
கூடையை மட்டும் எடுத்துப் போனார்.
நாலு விரல் நீளத்துக்கு வெள்ளைமயிர்.
பொத்தான் இல்லாத கம்பளிச் சட்டை.

நாக்குத் தரையில் தொட,
குளியலறைச் சீமெந்தில் நாலு காலையும் பரப்பி
பூசிவிட்டதுபோல் கிடக்கிறான்.
அங்கே முதலே இடம்பிடித்திருந்த கறுப்பி,
மூன்று வருடமாய் அவன் மூக்கைக் கீறி வருகிற பூனை,
இன்றைக்கு ஒரு கண்ணைத் திறந்தாள்.
கை ஓங்கக்கூட வெக்கை விடவில்லை.
நகர்ந்து கொடுத்தாள்,
ஒரு வால் அகலம்.
இருவரையும் தாண்டி
ஒற்றைக்காலில் நின்று நான் குளித்தேன்.
தண்ணீர் பட்டும் ஒருவரும் எழும்பவில்லை.

வீட்டில் ஃபேன் ஒன்று.
அக்கரைப்பற்று டிப்போவிலிருந்து
டிக்கெட் பையும் வியர்வையுமாய் வருகிற தவேந்திரன்
அதைத் தன் பக்கம் திருப்புவார்.
அவர் சாப்பிடும்போது நான் நாயின் பக்கம் திருப்புவேன்.
"மனிசனுக்கா கா காத்து, நாய்க்கா?"
இருவரும் ஒரே வேகத்தில் இரைத்தார்கள்.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று
சொல்லாமல் விட்டேன்.

ஞாயிறு மாலை
சொல்லாமல் கொள்ளாமல் பஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார்.
பிறகுதான் தெரியவந்தது
சலூன் கிருபைராசாவிடம் மூன்று நாளாய்க் கெஞ்சியது.
"நாய்க்கு வெட்டின கத்தரி எண்டு தெரிஞ்சா
ஒரு சனம் கடைக்கு வராது.
இருட்டின பிறகு பின்வாசலால கொண்டாங்க."

நான் வீட்டில் இருந்து
உரித்த கோழியாய் ஒரு பஞ்சு வரும் என்று
பயந்துகொண்டிருந்தேன்.
எட்டரைக்குப் படலை திறந்தது.
முன்னால் பஞ்சு, முழு வெள்ளையுடன்,
கொஞ்சம் மெலிந்து, வாலை ஆட்டிக்கொண்டு.
பின்னால் வந்தது
ஒரு மொட்டைத்தலை.

கிருபைராசா சொன்னானாம்:
இது ரெண்டடுக்கு மயிர் அண்ணன்,
மழிச்சா வெயில் நேரே தோலுக்குத்தான்.
உள்ளடுக்கை மட்டும் சீவி எடுப்பம்.
சீவி எடுத்து ஒரு சொப்பிங் பை நிறையக் கொடுத்திருக்கிறான்.
"மறுகா, கதிரை வெறுமையாத்தானே கிடக்கு,
நீங்க ஏறுங்க எண்டான்."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.
தயிர்ச்சட்டியில் உறையவைத்த ஐஸ்கட்டியை
பஞ்சுக்கு ஈரச்சாக்கின் மேல் வைத்தேன்.
அவன் நக்கினான்.
அவர் குனிந்து
மண்டையை ஒருதரம் அதில் ஒற்றிக்கொண்டார்
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
ஃபேன் சுற்றுவதை நிறுத்தும்போது தெரிந்தது,
அது நாயின் பக்கம் திரும்பியிருந்தது.
நான் திருப்பவில்லை.

டோர்ச் அடித்துத் தேடிப் போனால்
குளியலறைச் சீமெந்தில் மூன்றும் வரிசையாய்:
ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு,
நடுவில் வெளிச்சத்தில் மினுங்குகிற ஒரு மொட்டை.
கறுப்பி என்னைப் பார்த்தாள்.
இந்தமுறை நகரவில்லை.

நான் வாசற்படியில் இருந்து
வாளிக்குள் காலை விட்டேன்.
இன்னும் சூடுதான்.