பதினான்காம் ஷரத்து

அஜ்மான் நீதிமன்றத்து ஏசி
வெளியே ஜூலை என்பதை நம்பவிடாது.
மொழிபெயர்ப்பாளர் சூடான்காரர்.
என் ஆங்கிலத்தை வாங்கி அரபியாக்கி
மேலே அனுப்புகிறார்.
போகிற வழியில் எவ்வளவு சிந்துகிறதோ.

தண்ணீர் லாரிகளுக்கு வழி சொல்லும் நிரல்.
எழுதியவன் நான் என்பதில் தகராறு இல்லையாம்.
யாருடையது என்பதில்தான்.

லேப்டாப்?
என்னுடையது. தேராவில் வாங்கினேன், தவணை முடிந்துவிட்டது.
நேரம்?
இரவு பதினொன்றுக்கு மேல்,
மேல்கட்டிலில், போர்வைக்குள்.
கீழே அந்தோணிராஜுக்கு வெளிச்சம் ஆகாது.
மின்சாரம்?

அங்கே நின்றுவிட்டேன்.
கேம்ப் கம்பெனியுடையது. பிளக்கும்.
எதிர்த்தரப்பு வக்கீல் ஒப்பந்தத்தின்
பதினான்காம் ஷரத்தை விரலால் தடவிக் காட்டினார்,
ஜவுளிக்கடையில் கரை காட்டுவதுபோல.

ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஏன்
இருபத்தைந்து நிமிடம் கூடுதல்?

டிரைவர் குல்ஸமான் தொழுது முடித்து
செருப்பைத் தேடும் நேரம் அது.
வாராவாரம் யாரோ
அவருடையதை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தீர்ப்பு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

இன்று வெள்ளி.
குழாயில் காற்றுதான் வருகிறது.
வாளிகளோடு நிற்கிறோம்.
"எப்ப வரும்?" என்கிறான் அந்தோணிராஜ்.
"ரெண்டு பத்துக்கு."

வந்தது,
பக்கவாட்டில் கம்பெனிப் பெயரோடு.
குல்ஸமான் இறங்கினார்.
இடது காலில் பழுப்பு,
வலது காலில் யாருடையதோ நீலம்.