சுடுதண்ணி

மெனு கார்டை வலப்பக்கமிருந்து படிப்பவள் நான்.
முதலில் எண், அப்புறம்தான் பெயர்.
தயிர் சாதம் நூற்றெழுபது.
மாதத்தில் இருபது நாள்
இவர் லேத் பட்டறைக்குக் கட்டிக்கொண்டு போவதும்
அதே தயிர் சாதம்தான்,
ஊறுகாய் உட்பட.

சேரிங்கிராஸ் பக்கம், கண்ணாடிக் கதவு.
வாசலில் காகித நட்சத்திரம்,
பஞ்சுத் தாடி ஒட்டிய ஒரு பொம்மை.
அதைப் பார்த்துத்தான் பிரணவ் உள்ளே இழுத்தான்.
உட்கார்ந்துவிட்டோம். அதுதான் தப்பு.

கேட்காமலே நாலு டம்ளரில் சுடுதண்ணி வந்தது.
குளிரில் விறைத்த விரல்களை
எல்லோரும் டம்ளரைச் சுற்றி வைத்துக்கொண்டோம்.
சட்டையில் ‘யோகராஜ்’ என்று பட்டை குத்திய பையன்
"சொல்லுங்க சார்" என்று நின்றான்.
நான் கூட்டிக்கொண்டிருந்தேன்:
படகுச் சீட்டு தின்றது போக,
ஈரோடு வரை பஸ், அங்கிருந்து திருச்செங்கோடு,
வரி தனி என்று கீழே பொடி எழுத்து.

செங்கோடன் போனை எடுத்துக் காதில் வைத்தார்.
அடிக்காத போன்.
"அப்படீங்களா, இதா வந்தர்றோம்."
எழுந்தோம்.
பிரணவ் மட்டும் கடைசி மடக்கு வரை
குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.
அவனுக்கு நாக்கு சுட்டது,
எனக்குக் காது.

அடுத்த கடையில் ‘விடுமுறை சிறப்பு விருந்து’.
அதற்கடுத்ததில் வாசலோடு திரும்பினோம்.
ஒரு கடையில் இடமே இல்லை;
அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்த கடை அது ஒன்றுதான்.
"வர்க்கியப் பிரிச்சரலாமா?" என்றாள் தென்றல்.
அது பக்கத்து வீட்டு மரகதத்துக்கு.
ரெண்டு நாளாக எங்கள் ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறவள்.
"கையெடு" என்றேன்.

மணி ரெண்டரை.
பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டில் உட்கார்ந்து
ஒரு கண்டக்டர் பல் குத்திக்கொண்டிருந்தார்.
சாப்பாட்டுக்கு வழி கேட்பதென்றால்
பல் குத்துகிற ஆளைத்தான் கேட்கவேண்டும்.
அவர் வாயைத் திறக்கவில்லை,
குச்சியாலேயே காட்டினார்:
மார்க்கெட்டுக்குப் பின்னால், படி இறங்கி, இடப்பக்கம்.

கேரட் கழுவிய செந்தண்ணி
படியோடு எங்கள் கூடவே இறங்கியது.
தகரக் கூரை. பெயர்ப்பலகை இல்லை.
தோளில் சாக்கு போட்ட ஆட்கள்
தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள்.
மெனு கார்டு இல்லை;
எனக்குப் படிக்க வலப்பக்கமே இல்லை.
நின்றபடியே கேட்டேன்.
"அறுவது. சோறு போதுங்கற வரைக்கும். முட்டைன்னா பதினஞ்சு."
பிறகுதான் உட்கார்ந்தேன்.

கோஸ் பொரியல், கேரட் மிதக்கும் சாம்பார்,
மிளகு தூக்கலாய் ரசம்.
செங்கோடன் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது
தென்றல் என் இடுப்பில் இடித்தாள்:
"ம்மா, சுடுதண்ணி அண்ணன்."

எதிர் பெஞ்சில் அவன்.
சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். பட்டை தெரியவில்லை.
நான் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.
அவன் சோற்றைப் பிசைந்தபடி
"போன் பேசி முடிச்சிட்டீங்களா சார்?" என்றான்.

செங்கோடனுக்குப் புரை ஏறியது.
சாக்குக்காரர் ஒருவர் முதுகில் தட்டினார்.
யோகராஜ் தன் டம்ளரை நகர்த்தினான்.
அதிலும் சுடுதண்ணிதான்.

"அந்தத் தயிர் சாதம் எப்படிண்ணா இருக்கும்?"
தென்றலுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.
அவன் கொஞ்சம் யோசித்தான்.
"தெரியல பாப்பா. மேல ரெண்டு மாதுளம் முத்து வைப்பாங்க.
அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

நாலு சாப்பாடு, ரெண்டு முட்டை. இருநூற்றெழுபது.
ரெண்டு தடவை கூட்டியும் அதேதான் வந்தது.

திரும்பும் வழியில் அதே கண்ணாடிக் கதவு.
எதிர்ச்சாரி போய்விடலாம் என்றேன்,
யாரும் கேட்கவில்லை.
உள்ளே, ஒரு கையில் தட்டை ஏந்தியபடி
அவன் எங்களைப் பார்த்தான்.
மறு கையின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக்
காதருகே வைத்தான்.

செங்கோடன் நடுரோட்டில் நின்று
அதே மாதிரி கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.
"சாப்டாச்சுங்க" என்றார்,
சத்தமாக.