மூன்றாம் ஃபீடர்

முப்பத்தெட்டு நாள்
மீனில்லாத தொட்டிக்கு விளக்குப் போட்டு அணைத்தேன்.
மேட்டுப்பாளையம் கடைக்காரர் சொன்னது அப்படி:
முதல்ல தண்ணி பழகட்டும் மேடம்.
ஓர் இறாலைப் போட்டு அழுகவிடுங்க.
போட்டேன்.
குழம்பில் ஒன்று குறைந்ததை
எட்வின் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

குவார்ட்டர்ஸில் வந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள்.
மணல், ஒரு வேர்த்துண்டு, மேலேறும் குமிழிகள்.
'எங்கம்மா மீனு?'
'இனிமேதான்.'
'அப்ப வெறுந்தண்ணிக்கா ஹீட்டரு?
நமக்கே காலைல பக்கெட்டுல கை வைக்க முடியல.'

கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி எடுத்துச்
சொட்டு மருந்து விட்டு
அட்டையின் நிறங்களோடு ஒப்பிடுவேன்.
பச்சை. கரும்பச்சை.
ஒரு வாரம் முழுக்க நாவற்பழக் கறை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
சுத்த மஞ்சள், சுத்த நீலம்.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ
இறாலைத் தின்று முடித்துவிட்டுப்
பசியோடு இருக்கிறது என்று அர்த்தம்.
சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஏழு நியான் டெட்ரா.
கோத்தகிரி பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குளிர் ஏற ஏற,
பையை ஸ்வெட்டருக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்டு அம்மாள் மெல்லக் கேட்டாள்:
எத்தனை மாசம்?
ஏழு என்றேன்.
எண்ணிக்கையில் பொய்யில்லை.

ஒன்பதாம் நாள், ஜனவரி,
துணைமின் நிலையத்தில் என் இரவு.
பன்னிரண்டே காலுக்கு போஜராஜின் போன்.
'மேடம், மூணாவது ஃபீடர் லைன் கிளியர் வேணும்.
காட்டெருமை ஸ்டே கம்பியில முதுகு சொறிஞ்சிருக்கு.
போஸ்ட் சாஞ்சு, வயர் தேயிலை மேல தொங்குது.'

மூன்றாம் ஃபீடரில்தான் என் வீடு.

என் கையாலேயே திறந்தேன்.
விலக்கி, எர்த் போட்டு, பூட்டி,
'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகையை மாட்டினேன்.
பதிவேட்டில் எழுதியது: 00.21, ஃபீடர் 3, திறப்பு.
எழுதாமல் விட்டது: இருபத்தாறு டிகிரி.

எட்வினைக் கூப்பிட்டேன்.
'தொட்டியப் போர்த்துங்க.'
'இருக்கறது ஒரு நல்ல கம்பளி. அதுக்குள்ள நான் இருக்கேன்.'
'தெரியும்.'
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு இருபத்துநான்கு இருக்கும்.
மூன்றரைக்கு இருபத்திரண்டு.
டிரான்ஸ்ஃபார்மர் வெளியே முனகிக்கொண்டிருந்தது.
இத்தனை ஊருக்கு வெளிச்சம் போகும் இடத்தில் உட்கார்ந்து
ஒரு விரல் பருமன் ஹீட்டரின்
நூறு வாட்டுக்கு ஏங்கினேன்.

போஜராஜை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.
கம்பத்தின் மேல் இருப்பவனிடம்
'முடிஞ்சுதா' என்று கேட்பது
எங்கள் வேலையில் கெட்ட வார்த்தை.

ஐந்து நாற்பது.
'எல்லாரும் இறங்கிட்டோம் மேடம். எர்த் எடுத்தாச்சு.'
பூட்டின் சாவி சூடாக இருந்தது.
இரவு முழுக்கக் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

வீட்டு வாசலில் புல் மேல் உப்புத் தூவிய மாதிரி உறைபனி.
தொட்டியைச் சுற்றிக் கம்பளி,
அதன்மேல் அவருடைய மழைக்கோட்டு,
பக்கத்தில் ஆறிப்போன வெந்நீர் பாட்டில் இரண்டு.
எட்வின் தரையில்,
என் சேலைகள் மூன்றைச் சுற்றிக்கொண்டு
இறால் மாதிரி சுருண்டிருந்தார்.

ஹீட்டரில் சிவப்புப் புள்ளி எரிந்தது.
பத்தொன்பது.
கம்பளியின் ஒரு மூலையை மட்டும் தூக்கினேன்.
நிறம் வெளுத்து, மணலை ஒட்டி, அசைந்தும் அசையாமலும்.
எண்ணினேன். ஆறு.
மறுபடி எண்ணினேன். ஏழு.
வேருக்குப் பின்னால் எதுவோ போய் வந்தது. ஆறு.

'எத்தனை?' என்றது சேலைக் குவியல்.
தூங்குங்க என்றேன்.
ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.