இரண்டு பிடி ரம்பம்

எங்கள் மலைப்பக்கத்து வழக்கம்:
மகன் அப்பாவின் கோயிலுக்கு, மகள் அம்மாவின் கோயிலுக்கு.
ஆகவே தேனெஷுக்கு இயேசு மனிதர்.
எனக்குத் தேவன்.

அப்பாவின் பெட்டிக்குப் பலகை அறுக்கிறோம்,
திரான்சில்வேனியக் குளிரில், மாட்டுக் கொட்டிலில்.
அந்தப் பிடி அவனிடம், இந்தப் பிடி என்னிடம்.

"சிலுவையில் தாகம் என்றாரே,
கடவுளுக்குத் தொண்டை வறளுமா?" இழுத்தான்.
"வெறும் மனிதர் கூப்பிட்டா
நாலு நாள் நாறிய லாசர் எழுந்து வந்தான்?" இழுத்தேன்.
"கூப்பிட்டது அவர். எழுப்பியது பிதா."
மரத்தூள் இருவர் பூட்ஸிலும் விழுந்தது.

"அப்பா இப்போது உத்தரிக்கிற ஸ்தலத்தில்.
பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்."
"கடைக்காரனுக்கே பாக்கி வைக்காத ஆள்.
அங்கே எதற்கு உத்தரிக்கணும்?"
"பின்னே எங்கேயாம்?"
"தெரியாது, பிரோஷ்கா."

கணுவில் சிக்கி நின்றது ரம்பம்.
அப்போதுதான் உறைத்தது:
அப்பாவின் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

உள்ளே போனோம்.
கயிற்றின் தலைமுனை அவனிடம். கால்முனையில் நான்.
காலுறையில், பெருவிரலுக்கு நேரே, ஓட்டை.
ஊசி தேடினேன்.
"போகிற இடத்தில் பூட்ஸைக் கழற்றச் சொல்வார்களோ?"
கேட்டுவிட்டு, என் கை நடுங்குவதைப் பார்த்து,
நூல்நுனியை எச்சிலில் நனைத்து
அவனே கோத்துக் கொடுத்தான்.